தட்டிலே தேன், மேடையிலே?

நேரில் கேட்டபோது ஏமாற்றிய வித்வான்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று நமது சங்கத்து அங்கத்தினர்களைக் கேட்டால், பெயர்களுக்குப் பஞ்சம் இராது. ஒருவர் பாடகரைச் சொல்லுவார். இன்னொருவர் வயலின்காரரைச் சொல்லுவார். மூன்றாமவர், "பெயர் எதற்கு ஐயா, எல்லோருந்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். சென்ற பொங்கல் விழாக் கச்சேரிக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு 11 கடிதங்கள் வந்தன. அவற்றுள் 9 கடிதங்களின் சாரம் ஒன்றேதான்: வீட்டில் கைப்பேசியில் கேட்டால் தேனாக இருக்கிற அதே குரல், நாகபுரி மேடையில் ஏறியதும் கஷாயமாகிவிட்டது. மற்ற இரண்டு கடிதங்களில் ஒன்று கச்சேரியைப் புகழ்ந்தது. இன்னொன்று, அன்றைய கேசரியைப் புகழ்ந்தது.

வித்வானின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதாவிட்டாலும் நம்மவர்களுக்குத் தெரியும். எழுதினால் அவருக்கும் தெரிந்துவிடும்.

விஷயம் இத்துடன் நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அந்த 9 பேரில் ஒருவர் ஒரு தீர்மானமே எழுதி அனுப்பியிருக்கிறார். விழாச் செலவில் பெரும்பகுதியை விழுங்குகிற கச்சேரியை வருகிற ஆண்டிலிருந்து நிறுத்திவிட்டு, மண்டபத்தில் ஒரு பெரிய வெண்திரையைக் கட்டி, புகழ்பெற்ற வித்வான்களின் கச்சேரிப் படங்களை அதில் காட்டலாம் என்கிறார். ரயில் கட்டணம் இல்லை, விடுதி வாடகை இல்லை, சன்மானம் இல்லை, ஏமாற்றமும் இல்லை. தீர்மானம் பொதுக்குழுவுக்கு வருகிறது. கை தூக்குவதற்கு முன் நேயர்கள் சற்று யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இம்மாதம் இதை எடுத்துக்கொண்டேன்.

தட்டில் பாடுகிறவரும் மேடையில் பாடுகிறவரும் ஒருவரே என்று நாம் நம்புகிறோம். வழக்கு முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையார் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். அந்தத் தட்டுகள் ஜெர்மனியில் ஹனோவர் நகரத்துத் தொழிற்சாலையில் அச்சாகி வந்தன. பாடியவர் யார் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, பாட்டின் முடிவில் அம்மையார் தம்முடைய பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். அந்நாளில் மைக் கிடையாது. ஒரு பெரிய குழலின் வாய்க்குள்ளே முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். 1925-க்குப் பிறகே மின்சாரப் பதிவு வந்தது. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றுகிற பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிஷந்தான் இடம். அந்த 3 நிமிஷத்துக்குள் பல்லவி, அநுபல்லவி, சரணம், நான்கு பிருகா, ஒரு முத்தாய்ப்பு எல்லாவற்றையும் அடைத்தாக வேண்டும். சிற்றுண்டி டப்பாவுக்குள் கல்யாணச் சாப்பாட்டை அடைப்பது போன்ற காரியம் அது. அடைக்கத் தெரிந்தவர்கள் மகா கெட்டிக்காரர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதைக் கேட்டுப் பழகிய காது, பாட்டு என்றால் எடுத்த எடுப்பிலேயே விறுவிறுப்பாக இருக்கும், எங்கும் தயங்காது, யாரும் இருமமாட்டார்கள் என்று தீர்மானித்துக்கொண்டது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையவர்களின் தோடியைத் தட்டில் மட்டும் கேட்டவர்கள், கோயில் வீதியில் நடுநிசி வரையில் அவர் அதே ராகத்தை விரிப்பதைக் கேட்டபோது திக்குமுக்காடியிருப்பார்கள். தட்டில் இருந்தது கடலில் மொண்ட ஒரு கரண்டி. அவர் 1956-இல் மறைந்தார், கடலை நம்மால் இனிக் கேட்க முடியாது, கரண்டிதான் மிச்சம். பெரிய கலைஞர்கள் பலருடைய விஷயத்தில் நிலைமை இவ்வாறு தலைகீழாகவே இருந்தது. மேடை அவர்களுடைய வீடு, தட்டு அவர்கள் அவசரமாக இறங்கிய ஒரு சத்திரம்.

பின்னர் வந்த நீண்ட நேரத் தட்டும் ஒலிநாடாவும் இந்த இடநெருக்கடியைத் தீர்த்தன. ஆனால் வேறொரு வசதியைக் கொண்டுவந்தன. நாடாவைக் கத்தரிக்கலாம், ஒட்டலாம். முதல் முறை பாடியதில் பல்லவி நன்றாக இருக்கிறதா, அதை வைத்துக்கொள். நான்காம் முறை பாடியதில் சரணம் நன்றாக இருக்கிறதா, அதை இங்கே சேர். கானடா தேசத்துப் பியானோ வித்வான் கிளென் கூல்ட் இந்த வசதியில் மனத்தைப் பறிகொடுத்து, 1964-இல் தம்முடைய 31-ஆம் வயதிலேயே பொதுமேடைக் கச்சேரிகளுக்கு முழுக்குப் போட்டுவிட்டார். அதன்பின் 1982-இல் அவர் இறக்கும் வரையில் எல்லாம் பதிவு அறையில்தான். அவரிடம் ஒரு நேர்மை இருந்தது: தட்டில் இருப்பது தாம் ஒரே மூச்சில் வாசித்ததல்ல, பொறுக்கிச் சேர்த்தது என்பதை அவர் மறைக்கவில்லை, அதுவே சிறந்தது என்று வாதாடினார். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் கோஷ்டியார் வேறு காரணத்தால் மேடையைத் துறந்தார்கள். 1965-இல் நியூயார்க் நகரத்து விளையாட்டு அரங்கில் 55,000 பேருக்கு மேல் கூடிக் கூச்சலிட்டபோது, தாங்கள் வாசிப்பது தங்கள் காதிலேயே விழவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தோடு கட்டணக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போதோ கத்தரிக்கோலும் தேவையில்லை. 1997-இல் ஆட்டோ-டியூன் என்ற மென்பொருள் விற்பனைக்கு வந்தது. ஸ்வரம் கொஞ்சம் கீழே இறங்கினால் அது தானாகவே தூக்கி நிறுத்திவிடும். சினிமாப் பாட்டில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியே பாடவைத்து, குறை தீர்த்து, மெருகேற்றி, பின்பு கோக்கிறார்கள். அந்தப் பாட்டைப் பாடியவர் நம் ஊர் மைதானத்துக்கு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரே மூச்சில் பாடும்போது, 'இவரா அவர்?' என்று கேட்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். உண்மையில் அவர் இவரல்லர். அவர் பத்துப் பேருடைய உழைப்பால் ஆனவர். இவர் தனி மனிதர். நம் கச்சேரிக்குப் பதிலாக மெல்லிசைக் கோஷ்டியை வரவழைக்கலாம் என்று சொல்லுகிற இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏமாற்றத்துக்குப் பயந்து அங்கே போனால் அங்கே அது இரட்டிப்பாகக் காத்திருக்கிறது.

சரி, கர்நாடக சங்கீதத்துக்குத் திரும்புவோம். மேடையில் ஏமாற்றம் என்பது பல வகை. கேட்பவர் எதை எதிர்பார்த்து வந்தார் என்பதைப் பொறுத்த ஒரு வகை உண்டு. டைகர் வரதாச்சாரியார் (1876-1950) அவர்களுக்குச் சாரீரம் ஒத்துழைக்காது என்பது ஊரறிந்த செய்தி. இனிய குரலைத் தேடி வந்தவர், முதல் கீர்த்தனையிலேயே நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாம். ஆனால் ராகத்தைத் தேடி வந்த வித்வான்கள், அந்தக் கரகரப்புக்கு அப்பால் அவர் காட்டிய கற்பனைக்காகக் காத்துக் கிடந்தார்கள். 1932-இல் சென்னை சங்கீத வித்வத் சபை அவரைத் தலைமை வகிக்க அழைத்தது, குரலுக்காக அன்று. அவருடைய சீடர் எம்.டி.ராமநாதன் (1923-1984), தாழ்ந்த சுருதியில், யானை நடப்பது போன்ற சவுக்க காலத்தில் பாடினார். கச்சேரி என்றால் துரித காலம் என்று பழகிவிட்ட கூட்டத்துக்கு அவர் அலுப்பாக இருந்தார். இன்று அவருடைய பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்பவர்கள் எத்தனை பேர்! நேரில் கிடைத்தபோது ஏமாற்றம், தட்டில் ஆனபிறகு பொக்கிஷம். நம்முடைய 9 கடிதங்களுக்கு நேர் எதிரான கணக்கு இது.

இன்னொரு வகை, இடம் பொருந்தாமையால் வருவது. வீணை தனம்மாள் (1867-1938) சென்னையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலே வாசிப்பார். கேட்க வந்தவர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். நகத்தால் மெல்ல மீட்டுகிற அந்த நாதம் ஒரு சிறு கூடத்துக்கு உரியது. அவருடைய பேத்தி பிருந்தா அம்மாளும் அந்தப் பரம்பரையில் வந்தவரே. 1976-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற அவரிடம் பாடம் கேட்கப் பெரிய வித்வான்களே போனார்கள்; ஆனால் சபைகளின் பெருங்கூட்டம் அவரைச் சுற்றி ஒருநாளும் மொய்த்ததில்லை. பத்துப் பேருக்கு அமுதமாக இருப்பது ஆயிரம் பேருக்குத் தண்ணீராகத் தோன்றலாம். அதற்கு அமுதம் என்ன செய்யும்?

மூன்றாவது வகைக்குப் புல்லாங்குழல் மாலியைத் தவிர வேறு யாரையும் சொல்ல முடியாது. திருவிடைமருதூரில் 1926-இல் பிறந்த டி.ஆர்.மகாலிங்கம், ஏழாம் வயதில் மயிலாப்பூரில் மேடை ஏறினார். சரப சாஸ்திரிகளும், அவர் வழியில் பல்லடம் சஞ்சீவ ராவும் புல்லாங்குழலுக்குக் கச்சேரி அந்தஸ்தைப் பெற்றுத் தந்திருந்தார்கள். மாலி அதைப் பாடவைத்தார். விரலை வைக்கும் முறையையும் ஊதும் முறையையும் மாற்றி, வாய்ப்பாட்டின் கமகமெல்லாம் மூங்கிலிலிருந்து வரும்படி செய்தார். அப்படிப்பட்டவருடைய கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியவர்களின் கதி என்ன? வருவாரா என்பது முதல் சந்தேகம். வந்தால் எப்போது வருவார் என்பது இரண்டாவது. வந்து உட்கார்ந்தால் வாசிப்பாரா, வாசித்தால் நடுவில் எழுந்து போகாமல் இருப்பாரா என்பவை அடுத்தவை. கச்சேரி நடக்காமலே வீடு திரும்பியவர்கள் ஏராளம். வைத்துக்கொண்டு சுருதி சேர்ப்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு.

அவ்வளவு பட்டும் மறுமுறை அவர் பெயரைச் சுவரொட்டியில் கண்டால் அதே ஜனங்கள் அதே வரிசையில் நின்றார்கள். ஏன்? வாசித்த நாளில் அவர் வாசித்ததை வேறு எவரிடமும் கேட்க முடியாது என்பதுதான் காரணம். இன்று யூடியூபில் மாலியைக் கேட்டு உருகுகிற ஒருவர், "என்ன ஞானம், என்ன நாதம், ஒரு நாளாவது சோடை போயிருக்கிறாரா பாருங்கள்!" என்று என்னிடம் வியந்தார். சோடை போன நாள் பதிவாகவில்லை என்பதை அவருக்குச் சொன்னேன். வராத நாளை யார் பதிவு செய்ய முடியும்? காலி நாற்காலிக்கு எதிரே ஒலிநாடாவை ஓடவிட்டவர் எவருமில்லை. நம் கைப்பேசிக்குள் இருப்பவை எல்லாம் வென்ற மாலைகள். தோற்ற மாலைகள் அன்று வந்திருந்தவர்களுடைய நினைவிலே இருந்து, அவர்களோடு போய்விட்டன. மதுரை மணி ஐயர், ஜி.என்.பாலசுப்பிரமணியம் முதலியவர்களின் கச்சேரிப் பதிவுகள் என்று ஆசையோடு நாம் சேர்த்து வைத்திருப்பவையும், யாரோ ஒரு ரசிகர், காப்பாற்றி வைக்கத் தகுந்தது என்று கருதிக் காப்பாற்றியவையே. ஐம்பது ஆண்டுகளாகச் சலித்து எடுத்த மணிகளோடு, சலிக்காத ஒரு ஜனவரி மாதத்து மாலையை ஒப்பிட்டால் எது தோற்கும்?

இதற்காக, திறமை உள்ளவர் எதையும் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. மாலியின் குழலைக் கற்காமல் அவருடைய தாமதத்தை மட்டும் கற்றுக்கொண்டவர்கள் பல தலைமுறைகளாக இருந்துவருகிறார்கள். அவர்களைப் பற்றி எழுத இந்த இடம் போதாது. வயது ஏறிய பிறகும் விடமாட்டேன் என்று மேடையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றியும் அப்படியே. முசிறி சுப்பிரமணிய ஐயர் தம்முடைய புகழ் உச்சத்தில் இருக்கும்போதே, ஐம்பது வயது நிரம்புவதற்கு முன், நாற்பதுகளின் நடுவில் கச்சேரிகளிலிருந்து ஒதுங்கினார். 1949-இல் சென்னையில் கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது அதற்குத் தலைவராகிப் பிறருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவரை நேரில் கேட்டு வருத்தப்பட்டோம் என்று சொல்லுவதற்கு அவர் யாருக்கும் சந்தர்ப்பம் தரவில்லை. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. சிலருக்குக் கச்சேரிதான் அடுப்பை எரிக்கிறது.

இனி நம் கச்சேரிக்கு வருகிறேன். தை மாதத்தில் வந்த வித்வான் எங்கிருந்து வந்தார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். சென்னையில் மார்கழி முழுவதும் சபை சபையாகப் பாடிவிட்டு வந்தார். ஒரு மாதத்தில் ஒரு தொண்டை எத்தனை கச்சேரியைத் தாங்குமோ அத்தனையையும் தாங்கியபின், மிச்சம் இருந்ததை நமக்குக் கொண்டுவந்தார். மார்கழியில் பெரியவர்கள் எவரும் சென்னையை விட்டு அசையமாட்டார்கள் என்பதால், வெளியூர்ச் சங்கங்களுக்குத் தைதான் கிடைக்கிறது. இரவு சென்னையில் ரயில் ஏறினால் மறுநாள் பிற்பகல் நாகபுரி. அன்று மூடுபனியால் வடக்கே போக்குவரத்துக் குழம்பி, அவருடைய வண்டி நான்கு மணி நேரம் தாமதம். (ரயில்வேயில் குமாஸ்தா என்பதற்காக, இந்தத் தாமதத்துக்கு நான் சமாதானம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் நண்பர்கள், மூடுபனியிடம் கேட்டுக்கொள்ளலாம்.) மாலை ஆறு மணிக்கு இறங்கியவர் ஏழு மணிக்கு மேடையில் இருந்தார். நடுவில் ஒரு வெந்நீர்க் குளியல், இரண்டு இட்டிலி.

நமது ஊர்த் தை மாதத்துக் குளிரும் வறட்சியும் மனிதத் தொண்டையை மட்டுமல்ல, மாட்டுத் தோலையும் விடுவதில்லை. சென்னையின் கடற்காற்றிலே ஈரம் குடித்துத் தளர்ந்திருந்த மிருதங்கத் தோல், இங்கே வந்ததும் காய்ந்து இறுகிச் சுருதி ஏறிக்கொண்டது. மிருதங்கம் வாசித்தவர் இருபத்தைந்து வயதுப் பிள்ளை. மேடையின் மூலையில் உட்கார்ந்துகொண்டு, கல்லையும் மரக்கட்டையையும் வைத்து வலந்தலை வளையத்தைத் தட்டித் தட்டி இறக்கிக்கொண்டிருந்தார். இடந்தலைக்கு ரவை பிசைந்து அப்ப வேண்டும். அதற்குத் தண்ணீர் கேட்டால், ஒருவர் வெள்ளித் தம்ளரில் பன்னீர் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் வந்து, ரவையை அப்பி, ஒரு பக்கம் சேர்ந்தபோது, வரவேற்புரை தொடங்கிவிட்டது. வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, கோலப் போட்டிப் பரிசளிப்பு, நன்கொடையாளர் பட்டியல். என் கைக்கடிகாரப்படி 55 நிமிஷம். அதற்குள் தோல் மறுபடியும் ஏறிவிட்டது. வர்ணத்திலிருந்து மூன்றாவது கீர்த்தனை வரையில் சுருதி சேரவில்லை என்று எழுதியிருக்கிற நேயர்களின் காது மிகவும் நல்ல காது. சேரவில்லைதான். ஏன் சேரவில்லை என்பதைச் சொன்னேன்.

அடுத்தது ஒலிபெருக்கி. கல்யாண ஊர்வலத்துக்கு என்று வைத்திருக்கிற பெட்டிகள் அவை. தகரக் கூரை போட்ட மண்டபத்தில், முரசு அதிரவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட கருவியின் வழியாக ஒரு மனிதர் மந்தர ஸ்தாயியில் ராகத்தைத் தொடங்கினால், கீழே இருப்பவர்களுக்கு இருமல் மாதிரிதான் கேட்கும். பாடகருக்குத் தம் குரல் தமக்குக் கேட்கவில்லை. அதனால் உரக்கப் பாடினார். உரக்கப் பாடியதால் மேல்ஸ்தாயியில் குரல் பிசிறடித்தது. பிசிறடித்ததால் நம்மவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனையும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நடந்தவை.

வித்வானிடத்தில் குறையே இல்லை என்று வாதிடுவதற்காக இவற்றை எழுதவில்லை. இரண்டு விஷயங்களை நானும் மன்னிக்கத் தயாராக இல்லை. ஒன்று, எதிரே ஒரு கண்ணாடிப் பலகையை நிறுத்திவைத்துக்கொண்டு, சாகித்தியத்தை அதில் பார்த்துப் பார்த்துப் பாடியது. வாயில் இருக்கவேண்டிய பாட்டு கண்ணில் இருந்தால், முகம் சபையைப் பார்க்காது. இரண்டாவது, வெளியூர்க்காரர்களுக்கு இது போதும் என்ற நினைப்பு. ஆலாபனை செய்த இரண்டு ராகங்களும் எல்லோருக்கும் பழகிய ராகங்கள், பல்லவி இல்லை, ஒன்பது மணிக்கே துக்கடாவுக்குத் தாவி, சினிமாவில் வந்த பக்திப் பாட்டுக்களை அடுக்கினார். நாகபுரித் தமிழர்கள் பல்லவியைக் கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று அவரிடம் யார் சொன்னார்களோ! நமது சங்கத்தில் பல்லவிக்குத் தாளம் போடத் தெரிந்த பாட்டிமார் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விழா முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டா அப்பா, நாங்களும் மனுஷாதானே? ஒரு பல்லவி பாடினா குறைஞ்சா போயிடுவார்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வித்வானுக்கு எழுதும் நன்றிக் கடிதத்தில் இந்தக் கேள்வியைச் சேர்த்துவிடும்படி காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் எட்டே முக்கால் மணிக்கு ஒரு சங்கதி நடந்தது. பந்திக்கு இலை போட்டாகிவிட்டது என்ற செய்தி பரவிப் பாதி மண்டபம் காலியாகியிருந்த நேரம். கடிதம் எழுதிய 9 பேரில் எத்தனை பேர் அப்போது உள்ளே இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கூட்டம் குறைந்ததும் இரைச்சல் குறைந்தது. ஒலிபெருக்கிக்காரரும் சாப்பிடப் போகுமுன் நல்லவேளையாகச் சத்தத்தைப் பாதியாக்கிவிட்டுப் போனார். மிருதங்கம் ஒருவழியாகச் சேர்ந்தது. பாடகர் காம்போதிக் கீர்த்தனையில் ஒரு வரியை எடுத்து நிரவலுக்கு வைத்துக்கொண்டார். வயலின்காரர் ஒரு பிடியைக் கொடுத்தார். பாடகர் கண்ணாடிப் பலகையிலிருந்து முதல் தடவையாக நிமிர்ந்து, அவரைப் பார்த்துச் சிரித்தார். அதற்குமேல் சுமார் பத்து நிமிஷம், அவர்கள் மூவரும் நம்மை மறந்தார்கள். முன்பு பாடிவைத்ததைத் திருப்பிப் பாடுவதாக இல்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து, இன்னொருவர் சமாதானம் செய்து, அடுத்த நொடியில் என்ன வரும் என்று அவர்களுக்கே தெரியாத நிலையில் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குரல் அப்போதும் தட்டில் உள்ள குரல் அன்று, பிசிறு இருந்தது. பிசிறைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பையன் ஒருவன், மிருதங்கக்காரருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஊரிலே பிறந்து வளர்ந்தவன்; தமிழைவிட மராத்தி அவனுக்குச் சரளம். பின்பு பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன், "மாமா, அந்த அண்ணா கையில ரத்தம் வந்திருக்குமா?" என்று கேட்டான். வராது, தழும்பேறியிருக்கும் என்றேன். அதைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து ஓடினான். அந்தப் பிள்ளையும் தம் விரல்களைக் காட்டி, ரவையையும் ஒரு துளி உருட்டி அவன் உள்ளங்கையில் வைத்து அனுப்பினார். வெண்திரையில் தெரிகிற மிருதங்கக்காரரிடம் போய் எவனும் விரலைக் காட்டு என்று கேட்க முடியாது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாது. இந்தச் சபையில் ஏமாந்தால் அடுத்த தெருச் சபைக்குப் போவார்கள்; மார்கழியில் ஒரு மாலைக்குப் பத்துக் கச்சேரி. நமக்கு ஆண்டுக்கு ஒன்று. ஆகையால் நம் ஏமாற்றம் பெரிதாக இருப்பதும் நியாயமே. ஒன்றையும் நிறுத்திவிட்டால், நம் பிள்ளைகளுக்கு மிருதங்கம் என்பது கைப்பேசியிலிருந்து வருகிற ஒரு சத்தமாக மட்டுமே இருக்கும். அதற்குத் தோலும் ரவையும் உண்டென்று தெரிய வழியில்லை. வெண்திரை வேண்டுமென்றால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிக்கொள்ளலாம். அதை நானே வந்து கட்டுகிறேன். கச்சேரிக்குப் பதிலாக அது வேண்டாம்.

தீர்மானத்துக்கு எதிராகப் பொதுக்குழுவில் நான் கொடுக்க இருக்கும் திருத்தங்கள் இவை. வித்வானை முதல் நாளே வரவழைத்து ஓர் இரவு தூங்கவிடுவது. அதற்காகும் விடுதி வாடகைக்குப் பொன்னாடைச் செலவை மாற்றிக்கொள்வது. விழாவைத் தையிலிருந்து நகர்த்த முடியாதாகையால், கச்சேரியை மட்டும் மாசிக் கடைசிக்குத் தள்ளுவது. அப்போது தொண்டையும் ஆறியிருக்கும், நமது குளிரும் தணிந்திருக்கும். தகரக் கூரை மண்டபம் வேண்டாம். பள்ளிக்கூடத்துச் சிறு கூடம் போதும், இருநூறு பேர் தாராளமாக உட்காரலாம். ஊர்வலப் பெட்டிகள் வேண்டாம். குழந்தைகளை முன்வரிசையில், தரையில் உட்காரவைப்பது. அழைப்புக் கடிதத்திலேயே, எங்களுக்கு ஒரு பல்லவி வேண்டும் என்று எழுதிவிடுவது. மங்களம் பாடி முடிக்கும் வரையில் இலை போடக் கூடாது என்று சமையல்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைப்பது.

வரவேற்புரை, தலைமையுரை ஆகியவற்றைப் பற்றியும் ஒரு திருத்தம் உண்டு. அவற்றை நிறுத்தும்படி நான் சொல்லவில்லை. மங்களம் முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம். இலையும் அப்போதுதான் விழும்.